ராகிக் கல்லில் அரைத்த பிரெஞ்சு

பாண்டிச்சேரி நம் தேசத்தோடு சேர்ந்த மறு வருஷம் நடந்தது இது. ஓசூரிலிருந்து பேரிகை போகும் வழியில் எங்கள் கிராமம். இன்று கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கிற அந்த ரோட்டில் அன்று போய்வந்ததெல்லாம் மாட்டு வண்டிகளும், புளி மூட்டை ஏற்றிய ஒன்றிரண்டு லாரிகளும்தான். அப்படி ஒரு புளி லாரியில்தான் எங்கள் வீட்டுக்குள் பிரெஞ்சு பாஷை வந்து இறங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் அண்ணன் எங்கள் பக்கத்துப் புளியைப் பாண்டிச்சேரி மண்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டு வருவான். அங்கே மண்டி வைத்திருந்த எங்கள் உறவுமுறைக்காரர் ஒருவருக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. தன் மகளைக் கொடுத்தார். பெண் அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ப்ரெவே என்று ஒரு பரீட்சை. அதில் தேறிவிட்டால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போகலாம். அதை எழுதுவதற்குள் கல்யாணம் கூடிவிட்டது. பரீட்சைக்கு மட்டும் அனுப்பி வையுங்கள் என்று சம்பந்தி கேட்டார். என் அப்பா நாலு பேர் முன்னால் வெற்றிலைத் தட்டின் மேல் கையை வைத்து, சரி என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரன் கிளம்பிவிட்டான், இந்தப் பரீட்சை இன்னும் எத்தனை நாளைக்கு நடக்குமோ, வருகிற கோடையை விட்டால் அவ்வளவுதான் என்று அங்கே எல்லோருக்கும் பயம்.

வந்தவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். முறைக்கு அண்ணி. சின்னவளை அண்ணி என்று கூப்பிட எனக்கு நாக்கு கூசியது. கொஞ்ச நாள் "இந்தா" என்றே காலத்தை ஓட்டினேன். அவளுக்கு இன்னொரு கஷ்டம். எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு. பக்கத்து வீடுகளில் கன்னடம். சந்தைக்கும் தாலுகா கச்சேரிக்கும் தமிழ். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கலந்து பேசுவோம், எங்களுக்கே தெரியாது. அவள் பாவம், தமிழையும் பிரெஞ்சையும் வைத்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் அம்மா அவளிடம் மட்டும் தமிழில் பேசப் பழகிக்கொண்டாள். ஆனால் கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவாள். அதனால் வந்த புதிதில் அண்ணிக்கு எங்கள் வீட்டுத் தெலுங்கில் தெரிந்ததெல்லாம் திட்டு மட்டும்தான்.

எங்கள் ஊரில் பெண்களுக்குப் பொழுது விடிவது ராகிக் கல்லில்தான். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் களி கிண்ட வேண்டும் என்றால் கோழி கூப்பிடும்போதே மாவு அரைத்தாக வேண்டும். அந்தக் கல்லைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோள்பட்டை கழன்று விழுகிற வேலை அது. பிற்பாடு ஊருக்கு மாவு மில் வந்த அன்று நான் தேங்காய் உடைத்தேன். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒருத்தியால் அந்தக் கல்லைச் சுற்ற முடியாது. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே மர முளையைச் சேர்த்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். இரண்டு கையும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதற்காகவே பாட்டு. இந்தப் பக்கத்துக்காரி ஒரு அடி எடுப்பாள், அந்தப் பக்கத்துக்காரி பதில் அடி பாடுவாள். பாட்டு நின்றால் கல்லும் தடுமாறும்.

அண்ணியை எனக்கு எதிரே உட்கார வைத்தார்கள். எங்கள் பாட்டெல்லாம் கன்னடமும் தெலுங்கும். அவளுக்கு ஒரு எழுத்து புரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததோ சினிமாப் பாட்டு. அது என் அம்மாவுக்கு ஆகவே ஆகாது. பாட்டில்லாமல் சுற்றினோம். கை கையோடு மோதியது. அவள் உள்ளங்கையில் கொப்புளம் வெடித்தது. அழுவாள், அண்ணன் வந்து நம்மைத் திட்டுவான் என்று நான் காத்திருந்தேன். அவள் அழவில்லை. முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவள் மேல் முதல் மரியாதை வந்தது அப்போதுதான்.

எனக்கும் வலி. "எதையாவது சொல்லித் தொலையேன், தெரிஞ்சத சொல்லு" என்று ஒரு நாள் கடுகடுத்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டே மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"கெ ஜெமாஸ், கெ த்யூ எமாஸ், கில் எமா. கெ நூ ஸெமாஸியோன், கெ வூ ஸெமாஸியே, கில் ஸெமாஸ்."

என் கை தானாக அவள் கையோடு சேர்ந்துகொண்டது. முதல் மூன்றுக்குக் கல் அவள் பக்கம் வந்து போகும், பின் மூன்றுக்கு என் பக்கம். எனக்குத் திகைப்பாக இருந்தது. திரும்பச் சொல் என்றேன். அன்றைக்கு மாவு மளமளவென்று விழுந்தது.

அது பாட்டில்லை, பாடம் என்று பிறகுதான் சொன்னாள். பிரெஞ்சில் வினைச்சொல்லை நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி திருப்ப வேண்டுமாம். அதிலும் இது ரொம்ப முரட்டு வகையாம். நடந்ததைச் சொல்வதற்கில்லை, இப்படி நடக்க வேண்டுமே என்று முன்பு ஒருவர் ஆசைப்பட்டதையோ பயந்ததையோ சொல்வதற்காம். பிரான்சிலேயே யாரும் இப்போது வாயால் பேசுவதில்லை, புத்தகத்தில் மட்டும்தான் என்றாள். பரீட்சையில் மட்டும் விடாமல் கேட்பார்களாம். பகலில் அவளுக்குப் புத்தகம் எடுக்க நேரம் ஏது? மாட்டுக்குத் தண்ணீர், கிணற்றடி, அடுப்பு. அதனால் மதியம் ஒரு பக்கத்தைப் பார்த்து வைத்துக்கொள்வாள். மறுநாள் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அதை அரைப்போம். முதல் பாதி அவளுக்கு, பின் பாதி எனக்கு.

கல் கிடந்த எங்கள் கொட்டகைக்கு அரைக்க வருகிற பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி உண்டு. கன்னடக்காரி, ஊரிலேயே நல்ல குரல் அவளுக்கு. நாலாம் நாளே அவளும் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சொல்லை இழுத்து ஒரு வளைவு வளைப்பாள் பாருங்கள், பிரெஞ்சுக்காரன் கேட்டிருந்தால் தன் பாஷை என்று நம்பியிருக்க மாட்டான்.

இதில் ஒரு கலகம். கிணற்றடியில் யாரோ என் அம்மாவிடம், உங்கள் மருமகள் விடியக்காலையில் வேதக்காரப் பாட்டு பாடுகிறாள், கூட உங்கள் மகளும் பாடுகிறாள், சீக்கிரம் எல்லோரையும் மாதா கோயிலுக்கு அழைத்துப்போய் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள் என்று வத்தி வைத்துவிட்டார்கள். அம்மா குடத்தை இறக்காமல்கூட நேரே கொட்டகைக்கு வந்தாள். அண்ணி எழுந்து நின்றாள்.

"இன்னா பாட்டு அது?"

"பாட்டு இல்லைங்க அத்தை. பாடம்."

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மாமியாரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு, "பிரியம் வைக்கிறது, அத்தை" என்றாள்.

"யார் மேல?"

"எல்லார் மேலயும்தான். நான், நீ, அவன், நாம, நீங்க, அவங்க."

அம்மா குனிந்து தட்டில் விழுந்திருந்த மாவை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். "செரி, எல்லாரும்னா பரவால்ல. மாவு நைஸா விழுது. அரைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிணற்றடியில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்காக அம்மா பரீட்சைக்குச் சம்மதித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். களி கிண்டுகிறவளுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள். அண்ணனுக்கு ஆசை உண்டு, ஆனால் அம்மா முன்னால் வாய் வராது. அப்பாவோ வாக்குக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்தார். அண்ணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. புதுசு புதுசாக வினைச்சொற்களைக் கல்லில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மாசி மாதக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தோம். இறங்கவில்லை. வண்டி கட்டி ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டைபாய்டு என்றார்கள். பிழைத்தாள், அதுவே பெரிது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. எழுந்து நின்றால் சுவரைப் பிடிப்பாள். கொட்டகையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம்.

கொஞ்சம் தேறியதும் புத்தகத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவள் பக்கத்தைத் திருப்பவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. "ஒன்னும் நிக்கல. எல்லாம் அழிஞ்சு போச்சு" என்றாள். காய்ச்சல் வந்த மூளை, நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கொப்புளம் வெடித்த கையோடு அழாதவள் அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் பரணில் போடச் சொன்னாள். பரீட்சைக்குப் போகவில்லை என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். போய்ச் சொன்னேன். அவளே வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய முடியும் என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

அவள் படுத்த நாளிலிருந்து நாங்கள் பழையபடி கன்னடப் பாட்டுக்கே போயிருந்தோம். அவள் இல்லாமல் அவளுடைய பாடத்தைப் பாட எனக்கும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் வாய் வரவில்லை. புத்தகத்தைப் பரணில் போட்ட மறுநாள் விடியற்காலை நான் ராகியை முறத்தில் எடுத்துக்கொண்டு கல்லடியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் இன்னும் வரவில்லை. என் அம்மா வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மருமகள் வந்த நாளிலிருந்து அம்மா கல்லைத் தொட்டதில்லை. மணிக்கட்டு வலி அவளுக்கு. ஒரு பிடி ராகியைக் குழியில் போட்டு முளையைப் பிடித்தாள்.

"பாடு" என்றாள்.

எந்தப் பாட்டு என்று கேட்டேன்.

"அவளோடது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துகொண்டே ஆரம்பித்தேன். கெ ஜெமாஸ், கெ த்யூ எமாஸ், கில் எமா. மூன்றையும் சொல்லிவிட்டு, மீதியையும் நானே சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து வந்தது பதில். தெலுங்கு இழுப்பு இழுத்து, கடைசியில் ஒரு ராகம் சேர்த்து, ஆனால் ஒன்றுகூட விடாமல் கெ நூ ஸெமாஸியோன் என்று என் அம்மா பாடினாள்.

என் கை நின்றுவிட்டது. கல்லை நிறுத்தாதே என்று தெலுங்கில் ஒரு வசவு விழுந்தது. சுற்றினேன். அடுத்த வினைச்சொல்லை எடுத்தேன். அதற்கும் பதில் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. நாங்கள் கொட்டகையில் கத்திக்கொண்டிருந்த அத்தனை நாளும் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு, களி கிண்டுகிறவளுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டு, இவள் எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்திருக்கிறாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் என் அம்மா. அவள் மேல் எனக்கு அன்று வந்த பெருமை இன்றைக்கும் அடங்கவில்லை.

உள்ளே அறையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். நான் மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். கில் எமா வரைக்கும் சொல்லி முடித்தேன். இந்தத் தடவை அம்மா பதில் சொல்லவில்லை. கல் சும்மா சுற்றியது. அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்காமல் ராகியைப் போட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

கல் இன்னொரு சுற்று வந்தது. உள்ளேயிருந்து மெலிந்த குரலில், மூச்சு வாங்கி வாங்கி, பின் பாதி வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அடுத்ததைச் சொன்னேன். அதற்கும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, மாவில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணி வாசற்படிக்கு வந்து நின்றாள். அம்மா அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாக்கு குடுத்தது உன் மாமனாரு. ஆம்பளைங்க வெத்தலைத் தட்டு மேல கைய வெச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. அதக் காப்பாத்தறது வூட்ல இருக்கறவ வேலை. போய் எழுதிட்டு வா. பாஸானாலும் பெயிலானாலும் இங்க களி திங்கத்தான போற."

பரணிலிருந்து புத்தகத்தை நானே இறக்கினேன். அம்மா அதன் மேல் இருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

வைகாசியில் புளி லாரியில் கிளம்பினோம். துணைக்கு நான். அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் எங்களை உட்கார வைத்துவிட்டுத் தான் பின்னால் மூட்டை மேல் ஏறிக்கொண்டான். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் என்று வழியெல்லாம் புளி வாசனை. வழியெல்லாம் நாங்கள் முதல் பாதியும் பின் பாதியுமாகச் சொல்லிக்கொண்டே போனோம். டிரைவர் பாவம், இரண்டு பெண்களுக்கும் வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். திண்டிவனத்தில் எங்களுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

எழுத்துப் பரீட்சை முடிந்து வாய்ப் பரீட்சை. நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம். பிரியம் வைப்பதையே கேட்டார். இவளுக்கு அந்த நிமிஷம் எல்லாம் மறந்துவிட்டது. காய்ச்சலில் புத்தகத்தை விரித்தபோது வந்த அதே வெறுமை. உடனே வலது கையை மேஜை மேல் வைத்து, முளையைப் பிடிப்பது போல விரல்களை மடக்கி, மெல்லச் சுற்ற ஆரம்பித்திருக்கிறாள். கை சுற்றியதும் வாய் திறந்துகொண்டது. கடகடவென்று கொட்டிவிட்டாள்.

கை ஏன் சுற்றுகிறது என்று அம்மையார் கேட்டாராம். எங்கள் ஊரில் இதை இப்படித்தான் அரைப்போம் என்று இவள் விளக்கினாளாம். எதிரே யார் உட்காருவார்கள் என்று அம்மையார் கேட்டிருக்கிறார். நாத்தனார், பக்கத்து வீட்டு அம்மாள், கடைசியில் மாமியார் என்றாளாம். அம்மையார் மேஜை மேல் தன் கையையும் வைத்து, இன்னொன்றைச் சொல், நான் பின் பாதி சொல்கிறேன் என்றாராம். இரண்டு பேருமாக இல்லாத கல்லை ஒரு சுற்று சுற்றினார்களாம்.

தேறிவிட்டாள். முதலாவதாக எல்லாம் இல்லை, நடுவாந்திரமாகத்தான். ஆனால் தேறிவிட்டாள். சில வருஷம் கழித்து அண்ணன் பாண்டிச்சேரியிலேயே மண்டி வைத்தபோது அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆனாள். அவளிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் வினைச்சொல் ஒப்பிக்கும்போது கையைச் சுற்றுவார்கள் என்று கேள்வி.

பரீட்சை எழுதி ஊருக்குத் திரும்பிய அன்று நாங்கள் லாரியிலிருந்து இறங்கியபோது அம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. "நம்ம பாட்டக் கேட்டாங்களா?" என்றாள். கேட்டார்கள் அத்தை என்றாள் அண்ணி. அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணி டம்ளரை வாங்கும்போது, அம்மா அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, பழைய கொப்புளத் தழும்பைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு விட்டாள்.

அந்தச் சொற்களின் அர்த்தம் எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் எனக்குப் புரியாத எதையோ பிடித்துக்கொண்டு தனியாகத் தவிப்பதைப் பார்த்தால், அது எதற்கு என்று நான் கேட்பதில்லை, எதிரே போய் உட்கார்ந்து முளையைப் பிடித்துக்கொள்கிறேன்.